நூல் பிடித்தாற்போல் ஒரு சுவர்!

வீட்டிலேயே, நம் கையாலேயே வால்பேப்பர் ஒட்ட என்னென்ன வேண்டும்? எந்தச் சுவரில் ஒட்டலாம், எதில் கூடாது?

ஐந்தாவது தாளை ஒட்டிவிட்டு ஏணியில் இருந்து இறங்கி, நாலடி தள்ளி நின்று பார்த்தேன். பகீரென்றது. நேராக ஏறிப் படர வேண்டிய கொடிகள் எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றன. முதல் தாளில் கூரையோரம் முழுசாகத் தெரிந்த பூ, அடுத்தடுத்த தாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டு, ஐந்தாவது தாளில் தலையே இல்லாமல் நின்றது. இத்தனைக்கும் ஒவ்வொரு தாளையும் பக்கத்துத் தாளோடு இம்மி பிசகாமல் பொருத்தியிருந்தேன். அப்புறம் எங்கே தப்பு?

கீழ்வீட்டில் குடியிருக்கும் கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பையில் இருந்து தூக்குக்குண்டை எடுத்து, நான் வேலையை ஆரம்பித்த மூலையில் மேலிருந்து தொங்கவிட்டார். குண்டு கொஞ்ச நேரம் ஆடி, அடங்கி நின்றது. மேலே நூல் மூலையை ஒட்டி இருந்தது. கீழே தரையருகே நூலுக்கும் மூலைக்கும் முக்கால் அங்குலம் இடைவெளி.

"மூலையை நம்பி ஆரம்பிச்சிருக்கீங்கம்மா. மூலை பொய் சொல்லும். குண்டு சொல்லாது" என்றார்.

பசை காய்வதற்குள் ஐந்து தாளையும் உரித்தோம். இரண்டு சுருள் தாள் வீண். ஆனால் அன்று கற்ற பாடம் பெரியது. வால்பேப்பர் ஒட்ட நினைக்கிறவர்கள் எல்லோரும் தாளைத் தேர்ந்தெடுப்பதில் நாள் கணக்கில் செலவிடுகிறார்கள். பூவா, கொடியா, செங்கல் மாதிரியா, பட்டுப்புடவை மாதிரியா என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். உண்மையில் வேலையைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் தாள் அல்ல. அதற்கு அடியில் இருக்கும் சுவரும், அதன்மேல் நாம் போடும் முதல் நேர்க்கோடும்தான். அந்த இரண்டும் சரியாக இருந்தால், இதுவரை பெயின்ட் பிரஷ்ஷைக்கூடத் தொடாதவர்களும் ஒரு சுவரைத் தாங்களே முடித்துவிடலாம்.

சதுர அடிக் கணக்கில் ஏமாறாதீர்கள்

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் சுருள் சுமார் 21 அங்குல அகலமும் 33 அடி நீளமும் கொண்டது. ஐரோப்பிய அளவில் 53 சென்டிமீட்டருக்கு 10.05 மீட்டர். கடைக்காரர் '57 சதுர அடி' என்று சொல்வது இதைத்தான். கொரியாவில் இருந்து வரும் பெரிய சுருள்கள் இதைப்போல் இரு மடங்கு அகலம் கொண்டவை. அகலத்தாள் ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால், முதல் முறை செய்கிறவர்களுக்கு 21 அங்குலம்தான் வசதி.

சுவரின் பரப்பை 57ஆல் வகுத்துச் சுருள் வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. தாள் சதுர அடியாக ஒட்டப்படுவதில்லை; கூரையில் இருந்து தரை வரை ஒரே பட்டையாக இறங்குகிறது. அதனால் பட்டைக் கணக்குதான் போட வேண்டும்.

என் சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம். 12 அடி என்றால் 144 அங்குலம். அதை 21ஆல் வகுத்தால் 7 பட்டை. மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்ய இரண்டிரண்டு அங்குலம் சேர்த்தால், ஒரு பட்டையின் நீளம் 10 அடி 4 அங்குலம். 33 அடிச் சுருளில் இப்படி 3 பட்டைதான் வரும். ஆக, 7 பட்டைக்கு 3 சுருள்.

இதே சுவர் 11 அடி உயரம் இருந்தால்? ஒரு பட்டைக்கு 11 அடி 4 அங்குலம் வேண்டும். மூன்று பட்டைக்கு 34 அடி ஆகிவிடும். சுருளில் இருப்பதோ 33 அடிதான். அதனால் ஒரு சுருளில் 2 பட்டைதான் எடுக்க முடியும். 7 பட்டைக்கு 4 சுருள் தேவை. பரப்புக் கணக்குப் போட்டவர் 132 சதுர அடிக்கு 3 சுருள் போதும் என்று வாங்கி வந்து, கடைசிப் பட்டைக்குத் தாள் இல்லாமல் நிற்பார்.

திரும்பக் கடைக்கு ஓடினால் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். ஒவ்வொரு சுருளின் சீட்டிலும் பேட்ச் எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரே டிசைனாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு துளி மாறும். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பளிச்சென்று தெரியும். எனக்கு அதே பேட்ச்சில் இன்னும் இரண்டு சுருள் கிடைத்தது அதிர்ஷ்டம். நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்பாமல், முதலிலேயே ஒரு சுருள் கூடுதலாக வாங்கி வையுங்கள். மிச்சம் பின்னாளில் கிழிசல் ஒட்ட உதவும்.

சீட்டில் இருக்கும் படமொழி

சுருளின் சீட்டில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். அலை போன்ற கோடுகள் எவ்வளவு துடைக்கலாம் என்பதைச் சொல்கின்றன. அலைகள் கூடக்கூடத் துடைப்பதைத் தாங்கும் சக்தியும் கூடும். சூரியன் படம், வெயிலில் நிறம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைக் காட்டுகிறது. அம்புக்குறிகள் டிசைன் பொருத்தத்துக்கானவை. இரண்டு அம்புகள் நேருக்கு நேர் இருந்தால் எல்லாப் பட்டைகளும் ஒரே மட்டத்தில் தொடங்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால், அடுத்த பட்டையைப் பாதி டிசைன் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். தாளும் கூடுதலாகச் செலவாகும். முதல் முறை செய்கிறவர்கள் பொருத்தமே தேவைப்படாத டிசைனை எடுத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பசையை எங்கே தடவ வேண்டும் என்பதையும் சீட்டு சொல்லிவிடும். சாதாரணக் காகிதத் தாளில் பசை பட்டால் ஈரத்தில் அகலவாக்கில் விரியும். அதற்கு முதுகில் பசை தடவி, பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, சீட்டில் சொன்ன நிமிடங்கள் ஊறவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் சுவரில் ஏறியபிறகு விரிந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பும். 'நான்வோவன்' எனப்படும் இழைத்தாள் ஈரத்தில் விரிவதில்லை. பசையைச் சுவரிலேயே தடவி, காய்ந்த தாளை நேராக அதன்மேல் ஒட்டிவிடலாம். வீட்டில் தாங்களே செய்கிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். என்னால் ஐந்து தாளையும் கிழியாமல் உரித்தெடுக்க முடிந்ததும் அது இழைத்தாள் என்பதால்தான்.

சுவரோடு ஒரு பேச்சுவார்த்தை

நம் வீட்டுச் சுவர்களின் சரித்திரம் நமக்கே முழுசாகத் தெரியாது. ஒரு காலத்தில் சுண்ணாம்பு, அதன்மேல் டிஸ்டம்பர், அதன்மேல் எமல்ஷன் என்று அடுக்கடுக்காக இருக்கும். தாளை ஒட்டினால் அது பிடித்துக்கொள்வது மேல் அடுக்கை மட்டும்தான். அந்த அடுக்கு கழன்றால் தாளும் கூடவே வந்துவிடும்.

மூன்று சோதனைகள் போதும். முதலாவது, ஈர உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டம்பர். சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது, அகலமான டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் செதில் டேப்போடு வந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். பிளாஸ்டிக் ஷீட் ஒரு துண்டை எடுத்து, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் ஷீட்டுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது என்று பொருள். அடிச்சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. ஓதத்தின் மூலத்தைச் சரிசெய்யாமல் அங்கே எவ்வளவு விலை உயர்ந்த தாளை ஒட்டினாலும் அது பணத்தைச் சுவரில் அப்புவதுதான்.

சோதனையில் தேறிய சுவரில், ஆணி ஓட்டைகளையும் வெடிப்புகளையும் பட்டி வைத்து அடைக்க வேண்டும். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய மேடு பள்ளம் கைக்குத் தப்பாது. மெல்லிய பளபளப்பான தாள்களில் ஒரு மணல் பருக்கைகூட மரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு தூசியைத் துடைத்து ஒரு கோட் பிரைமர். பட்டி போட்ட இடம் மட்டும் பசையை உறிஞ்சிக் குடித்துவிடாமல், சுவர் முழுக்க ஒரே சீராகப் பிடிக்கச் செய்வது பிரைமரின் வேலை. பின்னாளில் தாளை மாற்ற நினைத்தாலும் சுவரைப் பெயர்க்காமல் உரிக்கலாம்.

மைதா பசை வேண்டாம்

சுவரில் தாள் ஒட்டுவது நமக்குப் புதிதல்ல. தேர்தலுக்கும் சினிமாவுக்கும் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டிய கைகள் நம்முடையவை. வாளியில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, பெரிய பிரஷ்ஷால் இழுத்துவிடும் அந்தப் பசை தெருச்சுவருக்குச் சரி. வீட்டுக்குள் வேண்டாம். மாவுச்சத்து என்றால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். மயில்துத்தமோ விஷம், குழந்தைகள் புழங்கும் படுக்கையறையில் அதற்கு இடமில்லை.

கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் வால்பேப்பர் பசைத்தூள்களில் பெரும்பாலானவை செல்லுலோஸ் வகை. பூஞ்சைத் தடுப்பு சேர்த்ததா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். கலக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. மைதா பசைக்குச் சூடு வேண்டும். இதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். சுடுநீரில் தூள் சரியாகக் கரையாது. வாளியில் நீரை முதலில் எடுத்துக்கொண்டு, ஒரு கையால் கலக்கியபடியே மறு கையால் தூளைத் தூவ வேண்டும், ரவையைக் கிளறுவது போல. கால் மணி நேரம் அப்படியே விட்டு மறுபடி கலக்கினால் தெளிந்த கூழாக வந்திருக்கும். எவ்வளவு தூளுக்கு எவ்வளவு நீர் என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். அதில் போட்டிருக்கும் அளவை மீறாதீர்கள்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

அளக்க: இழுக்கும் டேப், பென்சில், தூக்குக்குண்டு, இரண்டடி நீள ரசமட்டம். பேனா கூடாது, பசை ஈரத்தில் மை ஊறித் தாளுக்கு மேலே வந்துவிடும். குண்டு இல்லாவிட்டால் நூலில் ஒரு பூட்டைக் கட்டினாலும் போதும்.

சுவரைத் தயார்செய்ய: பட்டித் தகடு, சுவர்ப் பட்டி, உப்புத்தாள், பிரைமர், முகக்கவசம்.

பசைக்கு: இரண்டு வாளி (ஒன்று பசைக்கு, ஒன்று நல்ல தண்ணீருக்கு), சுவருக்கு ரோலர், ஓரங்களுக்கு நாலங்குல பிரஷ்.

ஒட்ட: தாளை நீவிவிடும் பிளாஸ்டிக் தகடு அல்லது மென்மையான அகல பிரஷ், இணைப்புகளை அழுத்தும் சின்ன உருளை, ஸ்பாஞ்ச் இரண்டு.

வெட்ட: நீளமான கத்தரிக்கோல், பிளேடை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர், ஒரு பாக்கெட் உதிரி பிளேடு, வெட்டும்போது அண்டக்கொடுக்க அகலமான தகடு.

மற்றவை: ஆடாத மடக்கு ஏணி, தரைக்குப் பழைய போர்வை, டெஸ்டர், ஸ்குரூ டிரைவர், உடைத்த பிளேடுகளைப் போட மூடியுள்ள டப்பா.

பழைய ஆட்கள் நீளமான மேஜை ஒன்றும் வைத்திருப்பார்கள். இழைத்தாளுக்குத் தாளில் பசை தடவ வேண்டியதில்லை என்பதால், சுத்தமான தரையிலேயே பழைய போர்வையை விரித்து அளந்து வெட்டலாம்.

பிளேடில் கஞ்சத்தனம் கூடாது

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பொருளில் மட்டும் தாராளமாக இருங்கள் என்றால், பிளேடைத்தான் சொல்வேன். பசை ஊறிய தாள் நனைந்த அப்பளம் மாதிரி. முனை மழுங்கிய பிளேடு பட்டால் வெட்டுப்படாது, பிய்ந்துகொண்டு வரும். ஒரு பட்டையை மேலும் கீழும் வெட்டி முடித்ததும் ஒரு துண்டை உடைத்துப் போட்டுவிட்டு, புது முனையோடு அடுத்ததற்குப் போக வேண்டும்.

இப்படி உடைத்துப் போடும் பிளேடை 1956இல் உருவாக்கியவர் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா. அச்சகத்தில் காகிதம் வெட்டி வெட்டிப் பிளேடுகள் மழுங்குவதைப் பார்த்தவர் அவர். உடைந்த கண்ணாடித் துண்டின் கூர்மையும், கட்டம் கட்டமாக உடைத்துத் தின்னும் சாக்லேட்டும் அவருக்கு இந்த யோசனையைத் தந்தன. 'உடையும் பிளேடு' என்ற ஜப்பானியச் சொல்லில் இருந்துதான் அவருடைய நிறுவனத்துக்கு ஓல்ஃபா என்ற பெயர் வந்தது. உடைப்பதற்கென்றே செய்த பிளேடை உடைக்க மனமில்லாமல் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டால் நஷ்டம் தாளுக்குத்தான். உடைத்த துண்டுகளை மட்டும் உடனுக்குடன் டப்பாவில் போட்டு மூடுங்கள். வெறுங்காலில் நடக்கும் வீடு நம்முடையது.

முதல் பட்டை

தாளின் அகலம் 21 அங்குலம் என்றால், மூலையில் இருந்து இருபதரை அங்குலத்தில் மேலே ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது அசைவற்று நிற்கும்வரை பொறுங்கள். மின்விசிறி சுற்றினால் குண்டு நிற்காது. பசையும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஏணியில் ஏறி நிற்கும்போது தலைக்கு மேலே அது சுற்றுவதும் ஆபத்து. வேலை முடியும்வரை மின்விசிறிக்கு ஓய்வு. நூலை ஒட்டி மேலிருந்து கீழ்வரை பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். முதல் பட்டையின் விளிம்பு இந்தக் கோட்டைத்தான் பிடித்து நிற்க வேண்டும். மூலைப் பக்கம் மிஞ்சும் அரை அங்குலம், மூலையின் சின்னக் கோணலைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். என் சுவர் மாதிரி கோணல் அதைவிட அதிகம் என்றால், புள்ளியை மூலைக்கு இன்னும் கிட்டே வையுங்கள்.

தாளைவிட இரண்டங்குலம் அகலமாகச் சுவரில் பசை தடவுங்கள். மேலே இரண்டங்குலம் மிச்சம் விட்டு, விளிம்பைக் கோட்டில் பொருத்தி, மெதுவாகக் கீழே இறக்குங்கள். நீவுவதற்கு ஒரு முறை உண்டு: நடுவில் இருந்து ஓரத்துக்கு, மேலிருந்து கீழே. காற்று வெளியேற எப்போதும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்த இடம்வரை தாளைத் தூக்கி மறுபடி இறக்குங்கள்.

அடுத்த பட்டை இதன்மேல் ஏறக் கூடாது. விளிம்போடு விளிம்பு முட்டி நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இணைப்பின்மேல் உருளையை லேசாக ஓட்டுங்கள். புடைப்பு டிசைன் கொண்ட தாளில் உருளையை ஓட்டினால் புடைப்பு நசுங்கிவிடும். அதற்கு ஸ்பாஞ்சால் அழுத்தினால் போதும். வெளியே பிதுங்கும் பசையை அப்போதைக்கப்போதே ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். காய்ந்தால் பளபளவென்று தழும்பாக நிற்கும். இரண்டு பட்டைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

மேலும் கீழும் மிஞ்சியதை வெட்ட, அகலத் தகட்டை மூலையில் அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாகக் கட்டரை இழுங்கள். கட்டரைத் தூக்காமல் தகட்டை நகர்த்தி நகர்த்திப் போனால் வெட்டு ஒரே கோடாக வரும். அடுத்த சுவருக்குத் திரும்பும்போது முழுத்தாளை மூலையில் மடித்துக் கொண்டுபோகாதீர்கள். மூலையைத் தாண்டி அரை அங்குலம் மட்டும் போகும்படி நீளவாக்கில் வெட்டி ஒட்டிவிட்டு, புதுச்சுவரில் மறுபடி குண்டைத் தொங்கவிட்டுப் புதுக்கோடு போடுங்கள்.

சுவிட்ச் போர்டு: இங்கே நிதானம்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிபி பாக்ஸில் அந்த அறைக்கான எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே போர்டின் முகப்பைக் கழற்ற வேண்டும். தாளைப் பெட்டியின் மேலேயே தொங்கவிட்டு, நடுவில் பெருக்கல் குறி போல் வெட்டி, நான்கு முக்கோணங்களையும் கத்தரித்துவிடுங்கள். முகப்பை மாட்டினால் வெட்டிய விளிம்பு அதற்குள் மறைய வேண்டும். பசை முழுக்கக் காயும்வரை மின்சாரம் வேண்டாம். உலோகப் பூச்சு கொண்ட ஜிகினாத் தாளாக இருந்தால் முகப்புக்கு அடியில் ஒரு துளிகூடப் போகக் கூடாது. அதில் மின்சாரம் பாயும்.

எங்கே ஒட்டக் கூடாது?

குளியலறைச் சுவர், அதற்கு மறுபுறம் இருக்கும் படுக்கையறைச் சுவர், அடுப்பை ஒட்டிய சுவர், விளக்கேற்றும் பூஜையறை ஆகிய நான்கையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டில் ஓதம், அடுத்த இரண்டில் நெருப்பும் கரியும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிக்காற்றில் ஈரம் அதிகம். உள்ளே ஏசி ஓடி அறை குளிர்ந்திருக்கிறது. வெளிச்சுவர் வழியாக உள்ளே வரும் ஈரம், குளிர்ந்த பக்கத்துக்கு வந்ததும் நீராக மாறும். அங்கே நீங்கள் வினைல் தாளை ஒட்டியிருந்தால், பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தாளுக்குப் பின்னால் தங்கிவிடும். முன்னால் பூப்போட்ட சுவர் அழகாக இருக்கும். பின்னால் கருப்பாகப் பூஞ்சை வளரும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் அது தொல்லையை இன்னும் கூட்டும். ஏசி அறையில் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சுவரில்தான் ஒட்ட வேண்டும் என்றால் காற்று ஊடாடும் இழைத்தாளே சரி. சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மழை ஓய்ந்து சுவர் நன்றாக உலர்ந்தபின் ஆரம்பியுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, முதுகில் பசையோடு வரும் ஸ்டிக்கர் தாள் வசதிதான். ஆனால் அதுவும் பழைய பெயின்டைப் பெயர்த்துக்கொண்டு வரலாம். கதவுக்குப் பின்னால் ஒரு துண்டை ஒட்டி, ஒரு வாரம் கழித்து உரித்துப் பாருங்கள். உரிக்கும்போது ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டினால் பசை இளகி வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

இரண்டாவது முறை நான் ஒட்டியபோது ஏழு பட்டைக்கு ஒரு நாள் பிடித்தது. கொத்தனார் அண்ணன் குண்டைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கோடு போட நூலைப் பிடித்தவள் என் மகள். சாயங்காலம் வந்து வாசலில் நின்றே பார்த்தவர், "இப்போ கொடி நிக்குதும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஆள் வைத்துச் செய்தால் அரை நாளில் முடியும் வேலைதான். ஆனால் தேய்த்து, தடவி, அளந்து, கோடு போட்ட பிறகு என் வீட்டுச் சுவரை எனக்குத் தெரியும். எந்த மூலை சாய்ந்திருக்கிறது, எங்கே ஓதம் ஏறத் தொடங்குகிறது, எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்று தெரியும். பத்து வருடமாகக் குடியிருந்தும் அதுவரை தெரியாதவை இவை.

ஆகவே, தாள் பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம், இன்னும். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் பூட்டு ஒன்றை நூலில் கட்டி, உங்கள் அறையின் மூலையில் மேலிருந்து தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பூட்டு ஆடி அடங்கட்டும். பிறகு குனிந்து, நூலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரற்கடை இருக்கிறது என்று பாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்குகிறது.